எட்டு நிமிடங்களின் வரலாறு

தொழிற்சாலையில் நாள் முழுவதும் நின்று உழைப்பவருக்கு ஊதியத்தைப் போலவே பெறுமதி வாய்ந்த இன்னொன்று உண்டு. வேலைக்கிடையே மூச்சுவிடக் கிடைக்கும் சில நிமிடங்களே அது. முதுகை நிமிர்த்தவும், ஒரு மிடறு தண்ணீர் அருந்தவும், மலசலகூடத்துக்குச் சென்று வரவும் வேண்டிய அந்தச் சொற்ப நேரம் முதலாளிக்குச் சொந்தமா, தொழிலாளிக்குச் சொந்தமா என்ற கேள்வி இயந்திரத் தொழில் தோன்றிய நாள் முதலாக இருந்து வருகின்றது. புலம்பெயர்ந்த நாடுகளில் இரவு வேலைக்கும் பகல் வேலைக்கும் மாறி மாறிச் செல்லும் எமது குடும்பங்களுக்கு இக்கேள்வி புதியதன்று.

மேற்கு ஜேர்மனியில் 1973 ஆம் ஆண்டு ஓகஸ்ட் தொடக்கம் ஒக்ரோபர் வரையான மூன்று மாதங்களுக்குள், வேலையின் வேகம், ஓய்வு, ஊதியம் ஆகியவற்றை முன்வைத்து மூன்று பெரும் வேலைநிறுத்தங்கள் நடைபெற்றன. முதலாவதை நடத்தியவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுப் பெண்கள். இரண்டாவதை நடத்தியவர்கள் துருக்கியத் தொழிலாளர். மூன்றாவதை நடத்தியது நாட்டின் மிகப் பெரிய தொழிற்சங்கம். இவற்றுள் இரண்டு வென்றன; ஒன்று தோற்றது. வென்றது ஏன், தோற்றது ஏன் என்பதை அறிந்துகொள்வது, இன்று அதே நாடுகளில் உழைக்கும் எம்மவருக்குப் பயன் தருவதாகும்.

நிறுத்தற் கடிகாரமும் நகரும் பட்டியும்

1913 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெற்றொயிற் நகருக்கு அருகே ஹைலன்ட் பார்க் என்னுமிடத்தில் ஹென்றி போர்ட் தமது மோட்டார் வாகனத் தொழிற்சாலையில் நகரும் பட்டியை அமைத்தார். அதுவரை தொழிலாளி வாகனத்தை நாடிச் சென்றான். அன்று முதல் வாகனம் தொழிலாளியை நாடி வந்தது. ஒரு வாகனத்தின் அடிச்சட்டத்தைப் பொருத்துவதற்கு முன்னர் பன்னிரண்டு மணித்தியாலங்களுக்கு மேல் சென்றது. பட்டி வந்த பின்னர் அந்த வேலை ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்தது. வேலையின் வேகத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் உழைப்பவனின் கையை விட்டு நீங்கிப் பட்டியை ஓட்டுபவரின் கைக்குச் சென்றது. இந்தச் சலிப்பைத் தாங்க மாட்டாமல் வேலையைக் கைவிட்டுச் சென்றோர் பலர். அவர்களைத் தடுத்து நிறுத்தும் பொருட்டே 1914 இல் போர்ட் நாளொன்றுக்கு ஐந்து டொலர் ஊதியத்தை அறிவித்தார்.

சார்லி சாப்ளின் 1936 இல் வெளியிட்ட ‘மொடேர்ன் டைம்ஸ்’ என்னும் திரைப்படத்தைப் பார்த்துச் சிரிக்காதோர் இலர். அதில் மதிய உணவு இடைவேளையை ஒழிப்பதற்காகத் தொழிலாளிக்கு உணவூட்டும் இயந்திரம் ஒன்று வருகின்றது. கழிவறையில் புகைபிடிக்க ஒதுங்கும் தொழிலாளியைச் சுவரிலுள்ள திரையில் தோன்றும் முதலாளி அதட்டி வேலைக்குத் துரத்துகின்றார். இக்காட்சிகளை வெறும் நகைச்சுவை என்று தொழிலாளர் எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

ஜேர்மனியில் இந்தக் கணக்கு இன்னும் நுட்பமாகப் போடப்பட்டது. 1924 இல் நிறுவப்பட்ட ‘றேபா’ என்னும் அமைப்பு, ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நொடிகள் தேவை என்பதை நிறுத்தற் கடிகாரங் கொண்டு அளக்கும் முறையை நாடெங்கும் பரப்பியது. துண்டு வேலை செய்பவரின் ஊதியம் அந்த அளவையிலேயே தங்கியிருந்தது. களைப்பாறுவதற்கும் இயற்கைக் கடன்களுக்குமான நேரம் அந்த அளவையுள் ஒரு சிறு வீதமாகச் சேர்க்கப்படுவதுண்டு. எனினும் அது தாளில் மட்டுமே இருந்தது. கூடுதலாக உழைத்துக் கூடுதலாகப் பெற வேண்டும் என்ற நெருக்கடியில் தொழிலாளர் அந்த நேரத்தையும் வேலையாகவே மாற்றிக்கொண்டனர். ‘பாண்ட்’ என்று ஜேர்மனியர் அழைக்கும் நகரும் பட்டியில் நிற்பவருக்கோ விரும்பினாலும் அகல வழியில்லை. ‘ஸ்பிறிங்கர்’ எனப்படும் மாற்று ஆள் வந்து அவரது இடத்தில் நின்றாலன்றி அவர் ஓர் அடியேனும் நகர முடியாது. மாற்று ஆட்கள் போதியளவு இல்லாத நாளில் மலசலகூடத்துக்குச் செல்வதுகூட மேற்பார்வையாளரின் தயவில் தங்கியிருந்தது.

விருந்தினர் என்று அழைக்கப்பட்டோர்

இரண்டாம் உலகப் போரின் பின்னர் விரைந்து வளர்ந்த மேற்கு ஜேர்மனியின் தொழிற்றுறைக்கு ஆட்கள் போதவில்லை. 1955 இல் இத்தாலியுடனும், 1960 இல் ஸ்பெயின், கிரேக்கம் ஆகிய நாடுகளுடனும், 1961 இல் துருக்கியுடனும், 1964 இல் போர்த்துக்கலுடனும், 1968 இல் யூகோசிலாவியாவுடனும் ஆட்சேர்ப்பு ஒப்பந்தங்கள் செய்யப்பட்டன. வந்தவர்களுக்கு ‘விருந்தினர் தொழிலாளர்’ என்று பெயர். 1964 செப்ரெம்பரில் பத்து இலட்சமாவது விருந்தினராக வந்திறங்கிய ஆர்மாண்டோ றொட்றிகஸ் என்ற போர்த்துக்கேயருக்குக் கொலோன் நகரின் டொய்ற்ஸ் புகையிரத நிலையத்தில் மலர்க்கொத்தும் சிறிய மோட்டார் சைக்கிளும் பரிசாக வழங்கப்பட்டன. 1973 இல் வெளிநாட்டுத் தொழிலாளரின் தொகை ஏறத்தாழ 26 இலட்சமாக உயர்ந்திருந்தது.

வரவேற்பில் கிடைத்த மலர்கள் தொழிற்சாலையினுள் கிடைக்கவில்லை. பாரமான வேலை, அழுக்கான வேலை, பட்டியில் நிற்கும் வேலை ஆகியவையே பெரும்பாலும் இவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. பெண்களின் நிலை இன்னும் கீழானது. பெண் என்ற காரணத்துக்காக ஊதியத்தைக் குறைக்கக் கூடாது என்று கூட்டாட்சித் தொழில் நீதிமன்றம் 1955 இல் தீர்ப்பளித்திருந்தது. உடனே தொழிலதிபர்கள் ‘இலகு வேலைக்கான ஊதியத் தரம்’ என்ற புதிய பெயரைக் கண்டுபிடித்தனர். அத்தரத்தில் வைக்கப்பட்டோர் நடைமுறையில் பெண்களே. பழைய அநீதி புதிய பெயரில் தொடர்ந்தது. அதனைக் கூட்டு ஒப்பந்தங்களில் எழுதிக் கையொப்பமிட்டவர்களில் தொழிற்சங்கங்களும் அடங்கும் என்பது மறைக்க வேண்டியதொன்றன்று.

ஒப்பந்தம் என்னும் இருமுனைக் கத்தி

ஜேர்மனியில் ஊதியமும் வேலை நிபந்தனைகளும் தொழிற்சங்கத்துக்கும் தொழிலதிபர் சங்கத்துக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தத்தால் தீர்மானிக்கப்படுகின்றன. ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கும் காலத்தில், அதில் எழுதப்பட்ட விடயங்களுக்காகத் தொழிற்சங்கம் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. ‘அமைதிக் கடப்பாடு’ என்று இதற்குப் பெயர். எழுதப்பட்ட உரிமையைத் தொழிலதிபர் மீற முடியாது என்பது இதன் நன்மை. ஒப்பந்தம் போதாததாக அமைந்துவிட்டால் அது முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்பது இதன் துன்பம்.

1973 இல் நேர்ந்தது அந்தத் துன்பமே. ‘ஈ.கே. மெற்றால்’ எனப்படும் உலோகத் தொழிலாளர் சங்கம் ஆண்டின் தொடக்கத்தில் 8.5 வீத ஊதிய உயர்வுக்கு உடன்பட்டிருந்தது. விலைவாசி ஏறத்தாழ 7 வீதத்தால் ஏறிய அந்த ஆண்டில், கோடை வருமுன்னரே அந்த உயர்வு கரைந்துபோனது. சங்கமோ ஒப்பந்தத்தால் கட்டுண்டிருந்தது. பொறுமையிழந்த தொழிலாளர் சங்கத்தின் அனுமதியின்றியே வேலையை நிறுத்தினர். அவ்வாண்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட தொழிலகங்களில், இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமானோர் இத்தகைய வேலைநிறுத்தங்களில் ஈடுபட்டனர்.

நொய்ஸ் நகரில் மலர்ந்த ரோசா

டுசில்டோர்ப் நகருக்கு எதிரே, றைன் நதியின் மறுகரையில் நொய்ஸ் என்னும் நகர் உள்ளது. அங்கு மோட்டார் வாகனங்களுக்கான காபுரேற்றர்களை உற்பத்தி செய்த பியர்பூர்க் தொழிற்சாலையில் யூகோசிலாவியா, துருக்கி, கிரேக்கம், ஸ்பெயின், போர்த்துக்கல் ஆகிய நாடுகளைச் சேர்ந்த பெண்கள் பெருந்தொகையில் வேலை செய்தனர். அவர்களின் ஊதியம் ‘இலகு வேலை’த் தரத்தைச் சேர்ந்தது. 1973 ஓகஸ்ட் 13 ஆம் திகதி அவர்கள் வேலையை நிறுத்தினர். இலகு வேலைத் தரத்தை ஒழிக்க வேண்டும், மணித்தியாலத்துக்கு ஒரு மார்க் கூட்டித் தர வேண்டும் என்பவை அவர்களின் கோரிக்கைகள்.

காவற்றுறையினர் வாயிலில் நின்ற பெண்களைத் தாக்கினர். பெண்கள் கலையவில்லை. ஒரு காலையில், வேலைக்கு வந்த ஜேர்மனியத் தொழிலாளருக்கு அவர்கள் சிவப்பு ரோசா மலர்களைக் கொடுத்து வரவேற்றனர். ஒருவரின் மொழி மற்றவருக்கு விளங்காத அந்த வாயிலில் மலரின் மொழி விளங்கியது. தேர்ச்சி பெற்ற ஜேர்மனியத் தொழிலாளரும் பெண்களுடன் சேர்ந்து வேலையை நிறுத்தினர். தொழிலாளரால் தெரிவு செய்யப்படும் தொழிலக மன்றமும் பெண்களின் பக்கம் நின்றது. நிர்வாகம் ஒரு வாரத்தில் இறங்கி வந்தது. ஊதியம் உயர்ந்தது, இலகு வேலைத் தரம் அத்தொழிற்சாலையில் ஒழிக்கப்பட்டது.

கொலோன் நகரில் நேர்ந்தது

சில நாட்களுக்குள் அடுத்த போராட்டம் வெடித்தது. கொலோன் நகரின் நீல் பகுதியிலுள்ள போர்ட் தொழிற்சாலைக்கு 1930 இல் அடிக்கல் நாட்டியவர்கள் ஹென்றி போர்டும், அப்போது நகர முதல்வராக இருந்து பின்னர் மேற்கு ஜேர்மனியின் முதலாவது சான்சலரான கொன்றாட் அடனவரும் ஆவர். 1973 இல் அங்கு ஏறத்தாழ 12,000 துருக்கியர் வேலை செய்தனர். அவர்களில் மிகப் பலர் வாகனங்களைப் பொருத்தி முடிக்கும் பட்டிகளில் நின்றனர்.

கோடை விடுமுறைக்கு ஊர் சென்றவர்களுக்கு, வீதி வழியாக அனற்றோலியாவுக்குப் போய்வரவே பல நாட்கள் சென்றன. பிந்தித் திரும்பிய ஏறத்தாழ 300 துருக்கியரை நிர்வாகம் வேலைநீக்கம் செய்தது. அவர்கள் நின்ற இடங்கள் நிரப்பப்படவில்லை. அவர்களின் வேலையும் எஞ்சியோரின் தலையில் விழுந்தது. ஆட்கள் குறைந்தும் பட்டி அதே வேகத்தில் ஓடியது. ஓகஸ்ட் 24 ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் வேலைக்கு வந்தோர் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு மண்டபங்களினூடாக ஊர்வலமாகச் சென்றனர்.

வேலைநீக்கப்பட்டோரை மீள எடுத்தல், மணித்தியாலத்துக்கு ஒரு மார்க் உயர்வு, ஆறு வார விடுமுறை, பட்டியின் வேகத்தைக் குறைத்தல் என்பன அவர்களின் கோரிக்கைகள். இவற்றுள் கடைசிக் கோரிக்கையே எமது கட்டுரையின் பொருள். பட்டியின் வேகத்தைக் குறைப்பது என்பதன் பொருள் ஒவ்வொரு நிமிடத்திலும் சில நொடிகளைத் திருப்பிக் கேட்பதாகும்.

தொடக்கத்தில் ஜேர்மனியர் சிலரும் சேர்ந்துகொண்டனர். வாரவிடுமுறை கழிந்தபோது அவர்களில் பெரும்பாலோர் விலகிவிட்டனர். தொழிலக மன்றமும் சங்கத் தலைமையும் போராட்டத்தைத் தமதாக ஏற்கவில்லை. பத்திரிகைகள் இதனைத் ‘துருக்கியர் வேலைநிறுத்தம்’ என்று பெயரிட்டு, ஊதியப் பிரச்சினையை இனப் பிரச்சினையாக மாற்றின. போராட்டக்காரர்கள் இரவிலும் தொழிற்சாலையை விட்டு அகலாமல் அங்கேயே உறங்கினர். ஓகஸ்ட் 30 ஆம் திகதி, வேலை செய்ய விரும்புவோரின் ஊர்வலம் என்ற பெயரில் எதிரணியொன்று திரண்டது. கைகலப்பு மூண்டது, காவற்றுறை புகுந்தது, முன்னின்றோர் கைது செய்யப்பட்டனர். பின்னர் நூற்றுக்கும் மேற்பட்டோர் வேலைநீக்கப்பட்டனர். இன்னும் பல நூற்றுவர் தாமாக விலகுவதாகக் கையொப்பமிட நேர்ந்தது. பட்டியின் வேகம் குறையவில்லை.

ஸ்ருட்காட்டில் எழுதப்பட்ட எட்டு நிமிடங்கள்

இதன் பின் இரண்டு மாதங்கள் செல்லுமுன், தெற்கே ஸ்ருட்காட்டை மையமாகக் கொண்ட வட வூட்டெம்பேர்க்-வட பாடன் பிரதேசத்தில் வேறுவிதமான போராட்டம் நடந்தது. அங்கு ஈ.கே. மெற்றாலின் பிரதேசத் தலைவராக இருந்தவர் பிறாங்ஸ் ஸ்ரைன்கூலர். வேலை நிபந்தனைகள் பற்றிய பழைய ஒப்பந்தத்துக்குப் பதிலாகப் புதியதொன்றை எழுத வேண்டும் எனச் சங்கம் கோரியது. ‘மனிதருக்கேற்ற வேலை’ என்ற கருத்து அக்காலத்தில் பேசப்பட்டு வந்தது. வாழ்க்கைத் தரம் குறித்து 1972 இல் ஓபர்ஹவுசன் நகரில் இச்சங்கம் பெரிய மாநாடொன்றையும் நடத்தியிருந்தது. ஊதியத்தைக் கூட்டிக் கேட்பதோடு நில்லாமல், வேலை செய்யும் விதத்தையே மாற்றக் கேட்கும் துணிவு அவ்விவாதங்களிலிருந்து பிறந்தது.

பேச்சுவார்த்தை முறிந்தது. 1973 ஒக்ரோபரில் டெயிம்லர்-பென்ஸ், பொஷ் ஆகிய நிறுவனங்களின் தொழிலாளர் சட்டப்படி வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அதே மாதத்தில் உடன்பாடு கையொப்பமானது. துண்டு வேலை செய்பவருக்கு ஒவ்வொரு மணித்தியாலத்திலும் களைப்பாறுவதற்கு ஐந்து நிமிடங்கள், சொந்தத் தேவைகளுக்குக் குறைந்தது மூன்று நிமிடங்கள் என அதில் எழுதப்பட்டது. இந்த எட்டு நிமிடங்களுக்கும் ஊதியம் உண்டு. எட்டு மணித்தியால வேலைநாளில் இது 64 நிமிடங்களாகும். வேலையை மேன்மேலும் துண்டாடி ஒன்றரை நிமிடத்துக்குக் குறைந்த சுழற்சிகளாக்குவதற்கும் தடை விதிக்கப்பட்டது. வயது முதிர்ந்த தொழிலாளரின் ஊதியத்துக்கும் வேலைக்கும் பாதுகாப்பு அளிக்கப்பட்டது.

அந்த இடைவேளைக்கு மக்கள் ‘ஸ்ரைன்கூலர் இடைவேளை’ என்றே பெயரிட்டனர். தாளில் ஒரு வீதமாக ஒளிந்திருந்த நேரம், மணிக்கூட்டில் காணக்கூடிய நேரமாக மாறியது. மேற்பார்வையாளரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. மாற்று ஆள் வந்தேயாக வேண்டும், அல்லது பட்டி நின்றேயாக வேண்டும். தயவாக இருந்தது உரிமையாயிற்று.

ஆயினும் இந்த வெற்றியினுள் ஒரு கசப்பும் உண்டு. கூட்டு ஒப்பந்தம் கையொப்பமான பிரதேசத்துக்கு மட்டுமே பொருந்தும். கொலோன் நகர் அப்பிரதேசத்துள் அடங்கவில்லை. பட்டியின் வேகத்தைக் குறைக்குமாறு ஓகஸ்டில் குரலெழுப்பித் தண்டனை பெற்றவர்களின் தோழர்களுக்கு அந்த எட்டு நிமிடங்கள் கிடைக்கவில்லை. ஸ்ருட்காட் தொழிற்சாலைகளில் அந்த இடைவேளையை அனுபவித்தோரிலும் வெளிநாட்டவர் பலர் இருந்தனர் என்பது மட்டுமே ஆறுதல்.

அதன் பின்னர்

எண்ணெய் நெருக்கடி சூழ்ந்த வேளையில், 1973 நவெம்பர் 23 ஆம் திகதி மேற்கு ஜேர்மனி வெளிநாடுகளிலிருந்து ஆட்சேர்ப்பதை நிறுத்தியது. விருந்தினர் என்று அழைக்கப்பட்டோரில் பெருந்தொகையானோர் நாடு திரும்பாமல் குடும்பங்களை அழைத்துக்கொண்டு அங்கேயே வேரூன்றினர். 1983 இன் பின்னர் போரினால் துரத்தப்பட்டு எம்மவர் வந்திறங்கியது அவர்கள் உழைத்துப் பழகிய இதே நகரங்களிலேதான்.

எழுதப்பட்ட உரிமையும் என்றென்றைக்கும் நிலைப்பதில்லை. 2004 ஆம் ஆண்டு கோடையில் டெயிம்லர்கிறைஸ்லர் நிர்வாகம் ஆண்டுக்கு 50 கோடி யூரோ செலவைக் குறைக்க வேண்டும், இல்லையேல் புதிய மெர்சிடிஸ் வாகனத்தின் உற்பத்தியைப் பிறேமனுக்கும் தென்னாபிரிக்காவுக்கும் மாற்ற நேரிடும் என அறிவித்தபோது, ஸ்ரைன்கூலர் இடைவேளையும் பேரத்துக்கு வந்தது. பல்லாயிரக்கணக்கான தொழிலாளர் வேலையை விட்டு வீதியில் இறங்கினர். முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட சில நிமிடங்களுக்காக இவ்வளவு பெரிய நிறுவனமும் இவ்வளவு தொழிலாளரும் மோதிக்கொண்டனர் என்றால், அந்த நிமிடங்களின் பெறுமதியை நாம் விளங்கிக்கொள்ளலாம்.

எமக்கு உரியது எது

நொய்ஸ் நகரப் பெண்களும் சட்டத்தின் கண்ணில் விதியை மீறியவர்களே. கொலோன் தொழிலாளரும் அவ்வாறே. சட்டம் இருவருக்கும் ஒன்றாகத்தான் இருந்தது. முடிவை மாற்றியது பக்கத்து இயந்திரத்தில் நின்றவர் என்ன செய்தார் என்பதே. ஒரு வாயிலில் அவர் மலரை வாங்கிக்கொண்டு சேர்ந்து நின்றார். மற்றைய வாயிலில் அவர் எதிரணியில் நின்றார். ஸ்ருட்காட்டிலோ அவர்கள் முதலிலேயே ஒரே சங்கத்துள் இருந்தனர்; ஆகவே வென்றதை எழுத்தில் பதிக்கவும் முடிந்தது.

எம்மவரில் மிகப் பலர் உணவகச் சமையலறைகளிலும், துப்புரவு வேலைகளிலும், பொதியிடும் மண்டபங்களிலும் வேலை செய்து குடும்பங்களைக் காத்து வந்திருக்கின்றனர். கூட்டு ஒப்பந்தத்தின் நிழல் எட்டாத இடங்கள் இவற்றுள் பல. அங்கு இடைவேளை கேட்டால் வேலை போய்விடுமோ என்ற அச்சமும், வேலை போனால் வதிவிட அனுமதி என்னாகுமோ என்ற அச்சமும் சேர்ந்து வாயை அடைத்துவிடுகின்றன. முதலாளி எம்மவராகவே இருக்கும் இடத்தில் ‘அண்ணை, ஒரு அஞ்சு நிமிசம்’ என்று கேட்பதற்கு வெட்கமும் சேர்ந்துகொள்கின்றது.

அச்சம் அறியாமையால் பெருகுவது. ஆகவே சிலவற்றை அறிந்திருத்தல் நன்று. ஜேர்மனியில் 1994 இல் நடைமுறைக்கு வந்த வேலைநேரச் சட்டத்தின்படி, ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்பவருக்கு 30 நிமிடமும், ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்பவருக்கு 45 நிமிடமும் இடைவேளை கொடுக்கப்பட வேண்டும். இடைவேளையின்றி ஆறு மணித்தியாலத்துக்கு மேல் எவரையும் வேலை வாங்கக் கூடாது. இது வெளிநாட்டவருக்கும் பொருந்தும். ஆனால் இந்த இடைவேளைக்கு ஊதியம் கொடுக்குமாறு சட்டம் கூறவில்லை. அதற்கு மேலானவை ஒப்பந்தத்தாலேயே கிடைக்கும். தொழிற்சங்கத்தில் சேர்வதற்குக் குடியுரிமை தேவையில்லை. தொழிலக மன்றத் தேர்தலில் நிற்கும் உரிமையும் 1972 ஆம் ஆண்டின் சட்டத்தால் எல்லா நாட்டவருக்கும் வழங்கப்பட்டுவிட்டது. ஐந்து நிரந்தரத் தொழிலாளர் உள்ள சிறிய தொழிலகத்திலும் அத்தகைய மன்றத்தை அமைக்கலாம். இடைவேளை எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பதைத் தீர்மானிப்பதில் அம்மன்றத்துக்குச் சட்டப்படி பங்குண்டு.

ஏனைய நாடுகளில் வாழும் எம்மவர் தத்தமது நாட்டின் சட்டத்தையும் ஒப்பந்தங்களையும் இவ்வாறே விசாரித்தறிதல் வேண்டும். நாளை வேலைக்குச் செல்லும்போது, தாம் எந்த ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்கிறோம் என்பதைக் கேட்டறியுங்கள். ஒப்பந்தம் இல்லையென்றால், பக்கத்தில் நிற்கும் துருக்கியரையும் போர்த்துக்கேயரையும் அந்நாட்டவரையும் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். எட்டு நிமிடங்களை எழுதிப் பெற்றவர்களும் அங்கிருந்தே தொடங்கினர்.